உஷார்! புகையில்லாத கனல்தான் ஆளைக் கொல்லும்

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது ஒரு தகர டின்னிலோ சாந்துச் சட்டியிலோ கரியைப் பற்றவைத்து, "புகையெல்லாம் அடங்கிடுச்சு, இனி உள்ளே கொண்டு போகலாம்" என்று தூக்கினால், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். இந்தக் கட்டுரையின் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கார்த்திகை பிறந்தால் நீலகிரியில் முதலில் நீர்ப்பனி இறங்கும். பின்னாலேயே உறைபனி. தலைகுந்தா புல்வெளியும் காந்தல் பள்ளமும் ஊட்டி குதிரைப் பந்தய மைதானமும் விடியற்காலையில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெளுத்துக் கிடக்கும். வானம் தெளிந்து, காற்று அசையாமல் நிற்கிற ராத்திரிகளில்தான் இது நடக்கும். நிலம் பகலில் வாங்கி வைத்த சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தெருவில் இல்லாத குளிர் பள்ளத்துத் தெருவில் இருப்பது அதனால்தான். வாடகை குறைந்த வீடுகளில் பலவும் அந்தப் பள்ளங்களில்தான் இருக்கின்றன.

உறைபனிப் படம் பத்திரிகையில் பெரிதாக வரும். அதே வாரம் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தியும் வரும்: குளிருக்குக் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் மூச்சுத்திணறிச் சாவு. படம் எல்லோர் கைப்பேசிக்கும் போகிறது. செய்தி போவதில்லை. இது எனக்குத் தாங்கவில்லை, ஏனென்றால் அந்தச் செய்தியில் எங்கள் வீட்டுப் பெயர் வந்திருக்க வேண்டியது.

அப்போது நாங்கள் ஊட்டியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே அறை, ஒரு சமையல் கட்டு. அத்தை காரமடையிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். அந்த ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பு, மார்கழிக் குளிரில் பல் கிட்டிப் போனது. சாயங்காலம் சீகை விறகில் வெந்நீர் வைத்தபோது, அடுப்புக் கனலை ஒரு பழைய எண்ணெய் டின்னில் அள்ளிப் போட்டு, மேலே கொஞ்சம் கரியும் சேர்த்து, வாசலில் வைத்துப் புகை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு உள்ளே கொண்டுவந்து கட்டில் ஓரம் வைத்தார். "புகையே இல்லம்மா, பாரு. குழந்தைக்கும் கதகதன்னு இருக்கும்" என்றார். இருந்தது. அப்படியொரு இதமான ராத்திரி அந்த வீட்டில் அதற்குமுன் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. ஜன்னல் இடுக்கில் நானே துணி திணித்துவிட்டுப் படுத்தேன்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். மகள் வாந்தி எடுத்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். எழ முடியாமல் அல்ல, எழ வேண்டும் என்றே தோன்றவில்லை. தலைக்குள் ஈரமண் மூட்டையை வைத்ததுபோல் ஒரு பாரம். அவள் இரண்டாம் முறை வாந்தி எடுத்தபோதுதான் காலைக் கீழே வைத்தேன். முழங்கால் மடங்கி விழுந்தேன். கணவரை உலுக்கினேன், "ம்" என்றார், திரும்பிப் படுத்துக்கொண்டார். தவழ்ந்து போய் தாழ்ப்பாளை இழுத்தேன். அந்தப் பனிக்காற்று முகத்தில் அடித்ததை இன்னும் மறக்கவில்லை. குளிருக்குப் பயந்து அடைத்த கதவைத் திறந்ததால் பிழைத்தோம்.

ஆஸ்பத்திரியில் மகள் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் அளவு 98 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றார் பக்கத்தில் நின்றவர். பணியில் இருந்த இளம் டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "வீட்டுக்குள்ள கரி வெச்சீங்களா?"

அந்தக் கிளிப் ஏன் பொய் சொன்னது என்று அவர் அன்றே விளக்கினார். கரி முழுதாக எரிய நிறையக் காற்று வேண்டும். அடைத்த அறையில் காற்றுக் குறைந்துகொண்டே வரும். அரைகுறையாகக் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், இந்த வாயுவை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் ஏற இடமே இருக்காது. விரலில் மாட்டுகிற சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, விஷ வாயு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே காட்டும். அதனால் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கரி வைத்திருந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

விறகுப் புகை மூக்கில் ஏறினால் இருமி எழுந்துவிடுவோம். புகை அடங்கிய கனல் அப்படி எச்சரிப்பதே இல்லை. "புகை போயிடுச்சு" என்கிற அந்த நிமிஷத்தில்தான் ஆபத்து உள்ளே நுழைகிறது. சாம்பல் பூத்துவிட்டால் சரி என்பார்கள், இல்லை, சாம்பலுக்கு அடியில் கனன்றுகொண்டேதான் இருக்கும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தால் விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். இந்த வாயு தண்ணீரில் கரைவதே அரிது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தோமே என்பார்கள். அந்த இடுக்கை நம்பி ஒரு குடும்பத்தின் உயிரை வைக்க முடியாது.

இன்னொரு பேச்சுத்தான் பெரியவர்களிடம் எப்போதும் வரும்: "நாங்க காலங்காலமா கணப்பு வெச்சுத்தான் தூங்குனோம், யார் செத்தா?" அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தூங்கிய வீடு எது? நாட்டு ஓட்டுக்கூரை, பலகைக் கதவு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற சந்து. காற்று தானாக வந்து தானாகப் போன வீடு அது. இன்று கான்கிரீட் கூரை, ரப்பர் பட்டை வைத்த அலுமினிய ஜன்னல், இடுக்கில்லாத கதவு. வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்களில் கணப்புக்கு மேலே புகைபோக்கி இருக்கும், அதன் வழியே எல்லாம் வெளியே போய்விடும். அங்கும் வருஷக்கணக்காகப் பயன்படுத்தாத புகைபோக்கியில் பறவைக்கூடு அடைத்திருந்தால் கதை மாறிவிடும், மூட்டுவதற்குமுன் ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து லயன் வீட்டிலும் லாட்ஜ் அறையிலும் அந்தப் புகைபோக்கியும் கிடையாது.

பனிக்காலம் முடிந்தால் ஆபத்தும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், திருச்சியிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்கள் தங்கிய விடுதியில் பார்பிக்யூ கரி அடுப்பு அறைக்குள் இருக்கத் தூங்கிய இரண்டு பேர் எழவே இல்லை. ஆகஸ்ட் உறைபனி மாதம் அல்ல. அறை அடைத்திருந்தது, கரி கனன்றுகொண்டிருந்தது. அவ்வளவு போதும்.

ஆகவே என் கணக்கு ஒன்றுதான். வீட்டை அடைத்துச் சூட்டைக் காப்பாற்றலாம், அல்லது நெருப்பு மூட்டிக் குளிர் காயலாம். இரண்டையும் ஒரே இடத்தில் செய்யக் கூடாது. நெருப்பு வாசலில், திறந்த வெளியில். தூங்கப் போகும்போது தண்ணீர் ஊற்றி முழுதாக அணைத்துவிட்டு வாருங்கள். படுக்கும் அறைக்குள் எரிகிற பொருள் எதுவும் வேண்டாம். கரி, தேயிலை மிலார், மண்ணெண்ணெய் அடுப்பு, சூட்டுக்காகக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சமையல் கட்டின் கதவைத் திறந்து வைப்பது, எதுவுமே.

"அப்போ குளிருக்கு என்னதான் பண்றது, ஹீட்டர் வாங்கக் காசிருக்கா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் மிதமான அல்லது குளிரான தட்பவெப்பம் உள்ள நாடுகளுக்காக 2018-இல் சொன்ன அளவு, வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி. நம் மலை வீடுகளில் பல, ராத்திரியில் அந்த அளவைத் தொடுவதே இல்லை. அறை முழுவதையும் சூடாக்கப் பார்த்தால் காசு தாங்காது. 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினம் மூன்று மணி நேரம் என்றால் 6, இரண்டு மாதத்துக்கு 360 யூனிட், ஹீட்டருக்கு மட்டும். இரண்டு மாத பில்லில் இலவச யூனிட் உண்டு என்கிற நிம்மதி அதில் எங்கோ மறைந்துவிடும். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் இன்னும் மோசம், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து வேறு கணக்குப் போடுவார்கள். குளிர்காலத்தில் பில்லைப் பார்த்து மிரண்டுபோய்த்தான் பலர் கரிக்குத் திரும்புகிறார்கள். அதனால் அறையைச் சூடாக்குவதை மறந்துவிட்டு, படுக்கையையும் உடம்பையும் சூடாக வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

முதலில் கீழே போடுங்கள். மேலே மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு, சிமென்ட் தரையில் ஒற்றைப் பாயில் படுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள், மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் பவானி ஜமக்காளம், அதற்குமேல் மெத்தையோ பழைய போர்வையோ. காலையில் அட்டையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துக் காய வையுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். இந்த ஒரு வேலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கம்பளி குறைந்தது.

கதவடி இடுக்குக்குப் பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, உள்ளே கிழிசல் துணி திணித்து, இரண்டு முனையும் தைத்து வையுங்கள். ஜன்னலுக்குக் கெட்டியான பழைய பெட்ஷீட்டை இரண்டாய் மடித்துத் திரையாகப் போடலாம். பகலில் வெயில் விழுகிற ஜன்னலின் திரையை விலக்கி விடுங்கள், மூன்று மணிக்கே இழுத்துவிடுங்கள். மலையில் வெயில் போன அடுத்த நிமிஷம் குளிர் இறங்கும். மறுபடியும் சொல்கிறேன், இப்படி அடைக்கிற அறையில் நெருப்பு கிடையாது. சமையல் கட்டு அதே அறையில் இருந்தால், சமைத்து முடித்து, ஜன்னலைத் திறந்து காற்றாடவிட்டு, அடுப்பு அணைந்ததைப் பார்த்த பிறகு அடையுங்கள். அங்கே எரிவது விறகடுப்பு என்றால் கனலை வெளியே கொண்டுபோய் அணைக்காமல் அடைக்கவே கூடாது.

அடுத்தது வெந்நீர்ப் பை. மருந்துக் கடையில் விற்கும் ரப்பர் பை போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்க ஆகும் மின்சாரம் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. முக்கால் பங்கு நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிப் படுப்பதற்கு அரை மணி முன்பே போர்வைக்குள் வைத்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலடியில் மட்டும் விட்டு வைக்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுட்டது தெரியாது, காலையில் கொப்புளமாக இருக்கும். அவர்கள் படுக்கும்போது பையை எடுத்துவிடுங்கள். கைக்குழந்தைக்கும் அப்படியே.

கொஞ்சம் பணம் போட முடியும் என்றால் ஹீட்டரைவிட மின்போர்வை மேல். 100, 150 வாட்தான். படுப்பதற்குமுன் இரண்டு மணி நேரம் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்டைத் தாண்டாது. மடித்து வைத்த மடிப்போடு போடக் கூடாது, ஒயர் தெரிகிற பழையதை வாங்கக் கூடாது, படுக்கையை நனைக்கிற குழந்தைக்குக் கூடாது.

உடுப்பு விஷயத்தில் ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று போடுவது நல்லது. நடுவில் நிற்கிற காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். தலைக்குக் குல்லா, காலுக்கு உலர்ந்த சாக்ஸ். பகல் முழுக்க ஈரத் தேயிலையில் நின்று வந்த கால்களுக்கு ராத்திரி அதே சாக்ஸ் வேண்டாம். ஸ்வெட்டரும் குல்லாவும் ஊட்டி தாவரவியல் பூங்காப் பக்கத்துத் திபெத்தியர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கலாம். சீசன் கூட்டம் இல்லாத நாளாகப் போங்கள். ஒரு பெக் போட்டால் குளிர் போகும் என்கிறவர்களுக்கு: மது தோலுக்கு ரத்தத்தை இழுத்து வருவதால் சூடுபோலத் தெரியும், உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குடித்துவிட்டுக் கரி டின் பக்கத்தில் படுத்தவனுக்கு, தலை வலித்தாலும் எழத் தெரியாது.

குளியலறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேஸ் கெய்சர் கரிக்குத் தம்பி. சின்னக் குளியலறை, மூடிய கதவு, குளிருக்காக அடைத்த வென்டிலேட்டர், உள்ளே எரிகிற கேஸ்: குளிக்கப் போனவர் வெளியே வராத வீடுகள் இருக்கின்றன. கெய்சரை வெளிச்சுவரில் மாட்டுங்கள். முடியாவிட்டால், கதவைத் திறந்து வைத்தே வாளியில் பிடித்து, அணைத்துவிட்டுப் பிறகு கதவைச் சாத்துங்கள். வாளியில் போடும் ஹீட்டர் ராடு என்றால், பிளக்கைப் பிடுங்குவதற்குமுன் தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்க்கவே கூடாது. 2,000 வாட் பொருளுக்கு 8 ஆம்பியருக்கு மேல் ஓடும், அதை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ நீட்டிப்பு ஒயரிலோ மாட்டினால் ஒயர் உருகும்.

கேஸ் சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடுங்குளிரில், தீரப்போகிற சிலிண்டரில் அழுத்தம் குறைந்து தீ சிணுங்கும். உடனே சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் நிறுத்துவது, படுக்கப்போட்டு உருட்டுவது, அடியில் கனல் தள்ளுவது என்று செய்கிறார்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். வெயில் ஏறும்வரை பொறுங்கள், அல்லது மாற்றுச் சிலிண்டரை மாட்டுங்கள்.

வண்டி ஓட்டுகிற தம்பிகளும் கவனிக்க வேண்டும். பயணிகளை அறையில் இறக்கிவிட்டு, வேனிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறீர்கள். என்ஜினை ஓடவிட்டுச் சூடு வைத்தாலும், கரிச் சட்டியை உள்ளே வைத்தாலும் அதே வாயுதான். அழைத்து வந்த குடும்பங்களே, டிரைவர் எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள். ஒரு கம்பளியும் படுக்க ஒரு மூலையும் கொடுக்க விடுதிக்காரரிடம் நீங்கள் சொன்னால் நடக்கும்.

இனி, இந்த விஷ வாயு தாக்கிவிட்டால் என்ன செய்வது. குளிர்காலத்தில் ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி என்றால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்குமுன் நெருப்பைச் சந்தேகியுங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது வலித்து, வெளியே வந்தால் தெளிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கர்ப்பிணிக்கு லேசான மயக்கம் வந்தாலும் உடனே போக வேண்டும், வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் இந்த வாயுவைத் தாயினதைவிட இறுகப் பிடிக்கும். மயங்கிக் கிடப்பவர்களைக் காப்பாற்றப் போகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே இழுக்க வேண்டும். உள்ளேயே உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் அவரும் விழுவார். பிறகு 108. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறும் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று ஒன்று ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. விடுதி நடத்துகிறவர்கள் அறைக்கு ஒன்று மாட்ட வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த ஆறு பேர் அதில் இருக்கிறார்கள். இந்தக் குளிர் அவர்களுக்குப் புதிது. தமிழில் அடித்த நோட்டீஸ் அவர்களுக்கு உதவாது. போன வாரம் பொழுது சாய்கிற நேரம் அங்கே ஒரு பெயிண்ட் டின்னில் கரி சிவந்துகொண்டிருந்தது. நான் போய் அந்த டின்னைக் காட்டி, கொட்டகைக் கதவைக் காட்டி, கையை ஆட்டி, கரியை உள்ளே வைக்காதீர்கள் என்று இந்தியில் சொன்னேன்: "கோய்லா அந்தர் மத் ரக்கோ." அவர்களில் இளையவன் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் அவனிடம் ஏதோ சொன்னார். அவன் டின்னைத் தூக்கிப்போய் குழாயடியில் கவிழ்த்தான். மறுநாள் நான் இரண்டு அட்டைப்பெட்டியும் ஒரு பழைய ஜமக்காளமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கொட்டகை இருக்கும். பொழுது சாய்வதற்குமுன் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.